ஹாக்கி மைதானத்தில் வரிசையின் கடைசியில் நிற்பது யார்?

2021 ஆகஸ்ட் 4ஆம் தேதி. டோக்கியோ ஒலிம்பிக் மகளிர் ஹாக்கி அரையிறுதியில் இந்தியா 1-2 என்ற கணக்கில் அர்ஜென்டினாவிடம் தோற்றது. ஆட்டம் முடிந்த சில மணி நேரத்தில், ஹரித்வார் அருகே ரோஷ்னாபாத் கிராமத்தில் வீராங்கனை வந்தனா கட்டாரியாவின் வீட்டு முன்னால் சிலர் கூடிப் பட்டாசு வெடித்தார்கள், ஆடினார்கள். அணியில் தலித்துகள் அதிகமானதால்தான் இந்தியா தோற்றது என்று சாதியைச் சொல்லி அந்தக் குடும்பத்தை ஏசினார்கள். குடும்பத்தார் புகார் கொடுத்தார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்குப் பதிவானது. கைதுகளும் நடந்தன.

அதற்கு நான்கு நாள் முன்பு, ஜூலை 31ஆம் தேதி, தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக 4-3 என்று இந்தியா வென்றபோது அதில் மூன்று கோல் வந்தனாவுடையவை. ஒலிம்பிக் ஹாக்கியில் இந்தியப் பெண் ஒருவர் அடித்த முதல் ஹாட்ரிக் அதுதான். அந்த ஆண்டு மே மாதம்தான் அவருடைய தந்தை இறந்திருந்தார். மகள் ஹாக்கி ஆடுவதை ஊரார் ஏளனம் செய்தபோதும் துணைநின்ற தந்தை அவர். பெங்களூரு பயிற்சி முகாமில் கொரோனாக் கட்டுப்பாட்டுக்குள் இருந்த மகளால் தந்தையின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க முடியவில்லை. வந்தனாவுக்கு 2022இல் பத்மஸ்ரீ விருது வந்தது. 2025 ஏப்ரலில் ஓய்வு பெற்றபோது அவர் 320 சர்வதேச ஆட்டங்கள் ஆடியிருந்தார். அதுவரை இந்தியப் பெண்களில் யாரும் அத்தனை ஆட்டம் ஆடியதில்லை.

வாசலில் வெடித்த பட்டாசு நாடு முழுக்கச் செய்தியானது. மைதானத்தில் தினமும் காலையிலும் மாலையிலும் நடப்பது செய்தியாவதில்லை. வந்தனாக்களில் பெரும்பாலோர் டோக்கியோ வரை போய்த் தடுக்கப்படுவதில்லை. பத்து, பன்னிரண்டு வயதில், பள்ளி மைதானத்திலேயே, யாரும் போ என்று சொல்லாமலேயே வெளியேறிவிடுகிறார்கள். எப்படி என்பதைப் பயிற்சி நடக்கும் விதத்தில்தான் தேட வேண்டும். நம் திருமலைராயன்பட்டினத்திலும் பக்கத்துக் கிராமங்களிலும் பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சொல்லித்தரும் உடற்கல்வி ஆசிரியர்கள், கல்லூரி மாணவர்கள், இளைஞர் மன்றத் தோழர்கள் ஆகியோருக்காக இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

ஹாக்கி பணக்கார விளையாட்டு அல்லவா என்று சிலர் கேட்பார்கள். 1928இல் ஆம்ஸ்டர்டாமில் இந்தியா முதல் ஒலிம்பிக் தங்கம் வென்ற அணிக்குத் தலைவராகப் போனவர் ஜெய்பால் சிங் முண்டா என்ற ஆதிவாசி. பின்னாளில் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கரோடு உட்கார்ந்து ஆதிவாசிகளின் உரிமைக்குக் குரல் கொடுத்தவரும் அவர்தான். ஜார்க்கண்டின் சிம்டேகாவிலும் ஒடிசாவின் சுந்தர்கரிலும் மூங்கிலையும் மரக்கிளையையும் வளைத்து மட்டையாக்கி ஆடிய பிள்ளைகள் இந்திய அணிக்கு வந்திருக்கிறார்கள். நம் பக்கம் தீப்பெட்டித் தொழிலுக்குப் பேர்போன கோவில்பட்டி, பல தலைமுறையாக ஹாக்கி ஊர். அங்குள்ள அரசு விளையாட்டு மையத்தில் பயின்ற மாரீஸ்வரன் சக்திவேலும், அரியலூரிலிருந்து அங்கே வந்து பயின்ற கார்த்தி செல்வமும் 2022இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடினார்கள். பாகிஸ்தானுக்கு எதிராக முதல் கோலை அடித்தது கார்த்தி.

செயற்கைப் புல்தரை வந்த பிறகு விளையாட்டின் செலவு கூடியது உண்மைதான். 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் முதல்முறையாக அதில் ஆடிய இந்தியா ஏழாவது இடத்துக்கு இறங்கியது. ஒரு புல்தரை அமைக்கப் பல கோடி ரூபாய் வேண்டும். ஆனால் எட்டு வயதுப் பிள்ளை பந்தைத் தள்ளவும் நிறுத்தவும் கற்க அந்தத் தரை வேண்டியதில்லை. காளமேகப் புலவர் மண்மாரி பொழியச் சபித்ததாகக் கதை சொல்லும் ஊர் நம்முடையது, மணலுக்குப் பஞ்சமில்லை. கடற்கரையின் பொதிமணலில் பந்து உருளாது, அங்கே ஓட்டமும் தாவலும் மட்டும் வைத்துக்கொள்ளலாம். அலை நனைத்து இறுகிய மணலில் டென்னிஸ் பந்து நன்றாக ஓடும். அறுவடை முடிந்த வயல் வேண்டாம். தாள்கட்டையிலும் வெடிப்பிலும் பந்து தாறுமாறாக எகிறி முகத்தில் அடிக்கும். தண்ணீர் தெளித்து இறுகவிட்டுக் கூட்டிய பள்ளி மைதானமே போதும். தென்னை மட்டையைச் செதுக்கி ஆடிப் பழகிய பிள்ளைகள்தானே நம் பிள்ளைகள்? மட்டை என்ற சொல்லே இரண்டுக்கும் பொது.

20 நிமிடத்தில் ஒரு நிமிடம்

நான் பார்த்த பள்ளி மைதானங்களில் பயிற்சி பெரும்பாலும் ஒரே மாதிரிதான். முதலில் மைதானத்தைச் சுற்றி ஐந்து ரவுண்டு. பிறகு ஒரு சொற்பொழிவு. பிறகு வரிசை. பி.டி. சார் விசில் ஊத, முதல் பையன் கூம்புகளுக்கு நடுவே பந்தை ஓட்டிப்போய்த் திரும்பி வருவான். மற்றவர்கள் நிற்பார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 பிள்ளைகள், ஒரு பந்து, ஒருவர் போய்வர 15 விநாடி. ஒரு பிள்ளைக்குத் தன் முறை மறுபடி வர 5 நிமிடம் ஆகும். 20 நிமிடத்தில் நான்கு முறை. அதாவது ஒரு நிமிடம் பந்தோடு, 19 நிமிடம் வெறுங்கையோடு. இதைப் பயிற்சி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அந்த வரிசையில் யார் எங்கே நிற்கிறார்கள் என்றும் பாருங்கள். சொந்த மட்டை வைத்திருப்பவன் முன்னால் நிற்பான். ஷூ போட்டவன் அவனுக்குப் பின்னால். தம்பியைப் பால்வாடியில் விட்டுவிட்டுத் தாமதமாக ஓடிவந்த பெண், அப்பாவோடு வேலைக்குப் போய்விட்டு வந்த பையன் எல்லாம் கடைசியில். விசில் ஊதி முடியும்போது நாலாவது முறை கிடைக்காமல் போவது அவர்களுக்குத்தான். வெளியே ஓடிய பந்தை எடுத்துவரச் சொல்லி ‘டேய்’ என்று அழைக்கப்படுவதும் பெரும்பாலும் அவர்கள்தான். அவர்களில் நம் தெருப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று யாரும் எண்ணுவதில்லை. சார் சாதி பார்ப்பவராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. அந்த வேலையை வரிசையே செய்துவிடுகிறது.

இதற்கு மாற்று எளிது. அதே 20 பிள்ளைகள். 10 மட்டை, 5 பந்து இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பத்துப் பேர் இரண்டிரண்டு பேராக, ஐந்தாறு மீட்டர் இடைவெளியில் எதிரெதிரே நின்று பந்தைத் தள்ளி நிறுத்தட்டும். 5 விநாடிக்கு ஒரு பாஸ் என்றால் 10 நிமிடத்தில் 120 பாஸ். ஒவ்வொரு பிள்ளையும் 60 முறை தள்ளுகிறது, 60 முறை நிறுத்துகிறது. அந்த நேரத்தில் மற்ற பத்துப் பேர் சும்மா நிற்க வேண்டாம். டென்னிஸ் பந்தைக் கையால் உருட்டி, மூவர் இருவருக்குப் பிடிகொடுக்காமல் கடத்தும் விளையாட்டு ஆடட்டும். ஆளில்லாத இடத்துக்கு நகர வேண்டும் என்ற ஹாக்கியின் மூலபாடம் அதில் மட்டை இல்லாமலே வந்துவிடும். 10 நிமிடம் முடிந்ததும் இரு பாதியும் இடம் மாறுகின்றன. அதே 20 நிமிடம்தான். வரிசையே இல்லாததால் அதற்குக் கடைசியும் இல்லை.

ஒரு மணி நேரத்தில் என்ன செய்யலாம்

முதல் 10 நிமிடம் உடம்பைச் சூடாக்க. ரவுண்டு ஓடுவதற்குப் பதிலாகத் தொட்டுப்பிடி ஆடலாம். ஓட்டம், திருப்பம், திடீர் நிறுத்தம் எல்லாம் அதிலேயே இருக்கின்றன. அடுத்த 20 நிமிடம் மேலே சொன்ன ஜோடிப் பயிற்சி. ஒரு நாளைக்கு ஒரே ஒரு பாடம். இன்று பந்தை நிறுத்துவது என்றால் இன்று முழுக்க அதுதான்.

அடிப்படை தெரியாத இளைஞர்களும் சொல்லித்தர முன்வருவதால் சிலவற்றைச் சொல்கிறேன். மட்டையின் உச்சியை இடது கை பிடிக்கும், வலது கை அதற்குக் கீழே. இடது கை பழக்கமுள்ள பிள்ளைக்கும் இதுவே முறை; ஹாக்கியில் இடக்கை மட்டை கிடையாது. மட்டையைத் திருப்புவது இடது கையின் வேலை, வலது கை தளர்வாகத் தாங்கிக்கொள்ள வேண்டும். தட்டையான பக்கத்தால் மட்டுமே பந்தைத் தொட வேண்டும். பந்து வலது பாதத்துக்குச் சற்று முன்னால் இருக்க வேண்டும். காலுக்கடியில் வந்துவிட்டால் நிமிர்ந்து பார்க்க முடியாது. வரும் பந்தை நிறுத்தும்போது மட்டையின் மேல்பகுதி சற்று முன்சாய்ந்திருந்தால் பந்து எகிறாமல் அடங்கும். விறைத்துப் பிடித்தால் தெறித்து ஓடும்.

முதல் சில மாதங்களுக்குத் தள்ளுவது மட்டும்தான். ஓங்கி அடிப்பதைச் சொல்லித்தர அவசரம் வேண்டாம். ஹாக்கிப் பந்தின் எடை ஏறக்குறைய 160 கிராம், கல் மாதிரி இருக்கும். சிறு பிள்ளைகளுக்கு டென்னிஸ் பந்து. கடினப் பந்து வந்த நாளிலிருந்து முழங்காலுக்குக் கீழே காப்பும் பல்லுக்குக் காப்பும் வேண்டும். காப்புடை இல்லாமல் யாரையும் கோல்கீப்பராக நிறுத்தக் கூடாது. இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். உபகரணம் இல்லாத இடத்தில் ‘நீ போய் கோல்ல நில்லு’ என்று அனுப்பப்படும் பிள்ளை எந்தப் பிள்ளை என்பது மைதானம் அறிந்தவர்களுக்குத் தெரியும்.

மீதி 30 நிமிடத்தில் 20 நிமிடமாவது ஆட்டம். பதினொருவருக்குப் பதினொருவர் ஆட்டத்தில் 91.4 மீட்டர் நீளமும் 55 மீட்டர் அகலமுமான மைதானத்தில் ஒரே பந்து. பாதிப் பிள்ளைகள் பந்தைப் பார்த்துக்கொண்டே வீடு திரும்பும். அதனால் சிறு ஆட்டம்: மூன்றுக்கு மூன்று, இரண்டுக்கு இரண்டு. 20 தப்படி நீளம், 15 தப்படி அகலம் என்று நடந்து அளந்தால் ஒரு களம் தயார். ஒவ்வொரு பக்கமும் இரண்டு செங்கல் வைத்த சின்ன கோல், கீப்பர் இல்லை. 5 நிமிடத்துக்கு ஒருமுறை மட்டை கைமாற வேண்டும். இதில் யாரும் ஒளிந்துகொள்ள முடியாது, யாரையும் ஒதுக்கவும் முடியாது. மூவரில் ஒருவருக்குப் பந்து கொடுக்காமல் இருந்தால் தோற்றுப்போவார்கள். கோலருகே நின்று, வரும் பந்தைத் தொட்டுத் திருப்பிவிடும் கலையும் சிறு ஆட்டத்தில்தான் படியும். வந்தனாவின் பலமே அதுதான்.

மூன்று பேரும் பந்தைத் தொட்ட பிறகே கோல் அடிக்கலாம் என்று விதி வைக்கலாமா? மூவர் ஆட்டத்தில் அது நன்றாக வேலை செய்யும். பெரிய அணியில் வேண்டாம். ‘இவனும் தொடணுமாம்’ என்று ஒரு பிள்ளைக்குப் பிச்சை போடுவதுபோல் பந்து தரப்படும், அது அவமானம்.

பயிற்சியின் நடுவே ஆட்டத்தை நிறுத்திப் பேசினால் அரை நிமிடத்துக்கு மேல் வேண்டாம். குற்றம் சொல்வதைவிடக் கேள்வி கேட்பது நல்லது. ‘பந்து வந்தப்ப உன் மட்டை எங்கே இருந்தது?’ என்று கேட்டால் பிள்ளை யோசிக்கும். ஆனால் வகுப்பறையில் வாய் திறந்தாலே கேலிக்கு ஆளான பிள்ளை பத்துப் பேர் முன்னால் பதில் சொல்லாது. அதைத் தெரியாமை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. முதலில் ஜோடிக்குள் பேசவிட்டுப் பிறகு கேட்டால் பதில் வரும்.

கடைசிச் சில நிமிடங்கள் மெதுவாக நடந்து, கை கால் நீட்டி, தண்ணீர் குடித்து முடிக்க. நம் ஊர் வெயிலுக்குக் காலை 6 மணிக்குத் தொடங்கி 7 மணிக்கு முடிப்பது நல்லது. 15 நிமிடத்துக்கு ஒருமுறை தண்ணீர் கட்டாயம். உப்புப் போட்ட நீராகாரத்தைவிட நல்ல பானம் கடையில் இல்லை.

குடமும் கையும்

தண்ணீர் என்றதும் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. 1927 மார்ச் 20ஆம் தேதி மகாத் குளத்தில் அம்பேத்கர் தண்ணீர் அள்ளிக் குடித்தார். நூறாண்டு நெருங்கும் இன்றும், மைதானத்தில் ஒரு குடமும் ஒரு டம்ளரும் இருந்தால், யார் மொண்டு கொடுக்கிறார், யார் கையேந்திக் குடிக்கிறார் என்று கவனித்துப் பாருங்கள். பயிற்சியாளர் முதல் நாளே அதே குடத்தில் அதே டம்ளரில் குடித்துவிட்டு, பிள்ளைகள் எழுதி ஒட்டிய முறைப்பட்டியல்படி தண்ணீர் பிடித்துவரச் செய்யட்டும். அதற்குமேல் பேச வேண்டியதில்லை.

இன்னொன்று தொடுதல். பிடியைத் திருத்தப் பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பிக் காட்ட வேண்டியிருக்கும். ஒரு பிள்ளையின் கையைப் பிடித்துத் திருத்தும் பயிற்சியாளர், இன்னொரு பிள்ளைக்கு மட்டும் தள்ளி நின்று மட்டை முனையால் சுட்டிக்காட்டினால், அந்தப் பிள்ளைக்கு அது புரியும். பத்து வயதில் நன்றாகவே புரியும். பெண் பிள்ளைகள் விஷயத்தில் வேறு கவனம் வேண்டும்: கேட்டுவிட்டுத்தான் தொட வேண்டும், முடிந்தவரை எதிரே நின்று செய்துகாட்டுவதே போதும், ஆசிரியை அல்லது மூத்த மாணவி ஒருவர் மைதானத்தில் இருக்க வேண்டும். எல்லாப் பெண் பிள்ளைகளுக்கும் ஒரே முறை. கழிப்பறை திறந்திருக்கிறதா, இருட்டுவதற்குள் வீடு போய்ச் சேர்வார்களா என்பதும் பயிற்சித் திட்டத்தின் பகுதிதான். இவை சரியில்லாத இடத்தில் பெண்கள் அணி நிலைக்காது.

நல்ல விதியும் பிள்ளையை வெளியே தள்ளலாம். டோக்கியோவில் இந்திய அணித்தலைவியாக இருந்த ராணி ராம்பால், ஹரியானாவின் ஷாஹாபாத்தில் வண்டி இழுக்கும் தொழிலாளியின் மகள். பயிற்சிக்கு வரும் ஒவ்வொருவரும் அரை லிட்டர் பால் கொண்டுவந்து குடிக்க வேண்டும் என்பது அங்கே விதி. வீட்டில் 200 மில்லிதான் வாங்க முடிந்ததால், யாருக்கும் தெரியாமல் தண்ணீர் கலந்து குடித்ததாக அவரே சொல்லியிருக்கிறார். அவருடைய பயிற்சியாளர் பல்தேவ் சிங் கண்டிப்புக்குப் பேர்போனவர். ஆனால் ராணிக்கு மட்டையும் ஷூவும் வாங்கித் தந்து, தன் குடும்பத்தோடு தங்கவும் வைத்தவர் அவர்தான். நம் ஊரில் பால் விதி இல்லை. வெள்ளை ஷூ விதி இருக்கிறது, டோர்னமெண்ட் பஸ் செலவு இருக்கிறது. அடுத்த வாரம் முதல் வராமல் போகும் பிள்ளையிடம் காரணம் கேட்டால் ‘காய்ச்சல் சார்’ என்று சொல்லும். அன்று மாலையே வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் பயிற்சியாளருக்குத்தான் உண்மைக் காரணம் கிடைக்கும்.

மைதானம் யாருடையது என்ற சந்தேகம் யாருக்காவது இருந்தால்: அரசு நிதியில் பராமரிக்கப்படும் பொது இடத்தைச் சாதியின் பேரால் யாருக்கும் மறுக்கக் கூடாது என்று அரசியலமைப்பின் 15ஆவது பிரிவு சொல்கிறது. 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பட்டியல் சாதியினர் தண்ணீர்க் குழாயைப் பயன்படுத்துவதையும் பொது இடத்தில் நுழைவதையும் தடுப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக வரிசைப்படுத்துகிறது. கொம்யூன் பஞ்சாயத்து மைதானமாக இருந்தாலும் அரசுப் பள்ளி மைதானமாக இருந்தாலும் இது பொருந்தும்.

அணி பிரிக்கும்போது தெருவாரியாகப் பிரியவிடக் கூடாது. ‘நாங்க ஒரு டீம், அவனுங்க ஒரு டீம்’ என்று பிள்ளைகள் தாமாகப் பிரிவது இயல்பு என்று சிலர் சொல்வார்கள். அந்த இயல்பு எங்கே கற்றுக்கொண்டது? நாங்குநேரியில் மாணவர் வீட்டுக்குள் புகுந்து வெட்டிய கொடுமைக்குப் பிறகு தமிழக அரசு நியமித்த நீதியரசர் சந்துரு குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில் வகுப்பில் மாணவர்களை அகரவரிசைப்படி உட்காரவைக்கப் பரிந்துரைத்தது. சாதி காட்டும் கைக்கயிறுகளைத் தடை செய்யவும் சொன்னது. அறிக்கை தமிழ்நாட்டுக்கு எழுதப்பட்டது என்றாலும், வாஞ்சூர் எல்லையைத் தாண்டினால் சாதி வேறாகிவிடுவதில்லை. அகரவரிசையில் எண்ணி, எண்ணும் முறையை நாள்தோறும் மாற்றி அணி பிரித்தால் வாரம் முழுக்கக் கூட்டணி மாறிக்கொண்டே இருக்கும். அன்றைய கேப்டனையும் அதே வரிசையில் வைக்கலாம்.

மாவட்டத் தேர்வுக்கு ஆளெடுக்கும் காலத்தில்தான் சிக்கல் முற்றும். ‘பார்த்தாலே தெரியும் சார், யாரு நல்லா ஆடுறான்னு’ என்ற பேச்சை நான் நம்புவதில்லை. கண் பழகிய முகத்தைத்தான் தேர்ந்தெடுக்கும். 40 பக்க நோட்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். தேதி, வந்தவர் பெயர், சிறு ஆட்டத்தில் யார் எத்தனை பந்தைச் சரியாக நிறுத்தினார், எத்தனை பாஸ் தோழரிடம் போய்ச் சேர்ந்தது என்று ஒரு நாளைக்கு நான்கு பேரை மட்டும் எண்ணி எழுதுங்கள். அன்று மட்டை கிடைக்காத பிள்ளைகளிடமே எண்ணும் வேலையைக் கொடுக்கலாம்; ஆட்டத்தைப் பார்க்கக் கற்றுக்கொள்வார்கள். பக்கத்தின் கடைசியில் இன்னும் மூன்று வரி: இன்று கேப்டன் யார், வெளியே போன பந்தை எடுத்தது யார், தண்ணீர் கொண்டுவந்தது யார். மாதக் கடைசியில் அந்த மூன்று வரிகளையும் ஒன்றாக வைத்துப் படித்து, அடுத்த மாதப் பட்டியலை எழுதுங்கள்.